கடலோரச் சுற்றுலாப் பகுதியில் குடியேறலாமா? கேள்விகளும் பதில்களும்

வளர்ந்துகொண்டிருக்கும் ஒரு கடற்கரைச் சுற்றுலாப் பகுதியில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். தொழிலில் கட்டடப் பொறியாளர். உப்புக் காற்றில் பழுதான வீடுகளைச் சரிசெய்வதுதான் என் வேலையில் பெரும்பங்கு. வீடு, தண்ணீர், கரை பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள். பத்திரம், வரி, முதலீடு என் துறை அல்ல.

கேள்வி (ஓய்வு பெறப்போகும் ஆசிரியை): சார், மூன்று முறை விடுமுறைக்குப் போன இடம் மனதுக்குப் பிடித்துவிட்டது. அங்கேயே வீடு வாங்கிக் குடியேற நானும் கணவரும் நினைக்கிறோம். நல்லது கெட்டது இரண்டையும் சொல்லுங்கள்.

அம்மா, மூன்று முறையும் சீசனில்தானே போனீர்கள்? அப்படியானால் அந்த ஊரில் பாதியைத்தான் பார்த்திருக்கிறீர்கள். காற்றும் மழையுமாக இருக்கும் மாதத்தில் போய், ஹோட்டலில் அல்லாமல் வாடகை வீட்டில் இரண்டு வாரம் தங்குங்கள். எத்தனை கடைகள் திறந்திருக்கின்றன, இரவு எட்டு மணிக்கு மேல் வண்டி கிடைக்கிறதா, மருத்துவர் அந்த மாதத்திலும் ஊரில் இருக்கிறாரா என்று பாருங்கள். பிறகு சீசன் உச்சத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, வாங்க நினைக்கும் வீட்டிலிருந்து மருத்துவமனை வரை வண்டியில் போய் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் பகுதியில் பத்து நிமிடப் பயணம் அன்றைக்கு ஐம்பது நிமிடமாகிவிடும். அறுபது வயதுக்கு மேல் இது முக்கியமான கணக்கு.

நல்லது நிறைய இருக்கிறது. வருமானம் வரும் பகுதி என்பதால் சாலை, மின்சாரம், இணையம் எல்லாம் சீக்கிரம் வந்துசேரும். அத்தனை பேர் வந்து போவதால், வேறு சின்ன ஊர்களில் தாக்குப்பிடிக்காத கடைகள்கூட இங்கே தாக்குப்பிடிக்கின்றன. பல ஊர்க்காரர்கள் குடியேறியிருப்பதால் புதிதாக வருபவரை யாரும் அந்நியராகப் பார்ப்பதில்லை. விடியற்காலைக் கடற்கரையைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. இத்தனை ஆண்டுகளில் அது எனக்கு ஒருநாளும் சலித்ததில்லை.

ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும். ரிச்சர்ட் பட்லர் என்ற புவியியலாளர் 1980-இல், சுற்றுலா இடங்கள் கண்டறியப்படுவது முதல் வளர்ந்து, நிலைத்து, தேங்குவது வரை படிப்படியாக மாறும் என்று எழுதினார். தேங்கிய பிறகு சில இடங்கள் சரியும், சில புத்துயிர் பெறும். உங்களுக்குப் பிடித்த ஊர் இப்போது எந்தப் படியில் நிற்கிறது? பாதி கட்டிய கட்டடங்களை எண்ணினாலே ஓரளவு தெரியும். இன்று இருக்கும் அமைதியை நம்பி வாங்கினால், பத்து ஆண்டில் அது உங்களிடம் இருக்காது.

கேள்வி: போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீர் இப்போது நன்றாக இருக்கிறது என்று விற்பவர் குடிக்கவே கொடுத்தார். நம்பலாமா?

அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது அன்றைய தண்ணீர்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கடலோர வீட்டின் ஆயுளை முடிவு செய்வது தண்ணீர்தான் என்பது என் அனுபவம். கடலோர மணலுக்கு அடியில் நன்னீர், உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனம் அதிகம். அந்தச் சின்ன வித்தியாசத்தால்தான், நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் இருந்தால் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் நிற்கிறது. கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் நூறாண்டுக்கும் முன்பே தனித்தனியாகக் கண்டறிந்த கணக்கு இது. இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஹோட்டல்களும் நீச்சல் குளங்களும் சேர்ந்து உறிஞ்சி மட்டத்தை அரை மீட்டர் இறக்கினால், அடியில் உப்புநீர் நாளடைவில் 20 மீட்டர் மேலே ஏறும்.

எவ்வளவு உப்பு கலந்தால் கெடும்? கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. நூறு குடம் நல்ல தண்ணீரில் இரண்டு குடம் கடல்நீர் கலந்தாலே லிட்டருக்கு சுமார் 700 மில்லிகிராம் கூடிவிடும். கரைந்த உப்புகள் 1000 மில்லிகிராமைத் தாண்டினால் தண்ணீரின் ருசி கெட ஆரம்பிக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒருமுறை உப்பேறிய நிலத்தடி நீர் திரும்ப இனிக்க ஆண்டுக்கணக்கில் ஆகும்.

அதனால் சீசன் முடியும் வாரத்திலோ கோடையின் கடைசியிலோ மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டு, அதன் பிறகு பிடித்த தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள். டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் மொத்த அளவு), குளோரைடு, நைட்ரேட் மூன்றும் பார்க்கச் சொல்லுங்கள். சுற்றிலும் உள்ள நான்கு வீடுகளில் எத்தனை அடியில் போர் என்றும் கேளுங்கள். ஆண்டுக்காண்டு ஆழப்படுத்திக்கொண்டே போகிறார்கள் என்றால் உப்பை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். தண்ணீர்ச் சோதனை முடிவு கைக்கு வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள். இதை இன்று பல முறை சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இப்போது வாங்கினால் ஐந்து ஆண்டில் விலை எவ்வளவு ஏறும்?

எனக்குத் தெரியாது. குடியிருக்க வாங்குங்கள்.

கேள்வி (முதல் வீடு கட்டும் இளைஞர்): அண்ணா, கடலிலிருந்து 200 மீட்டரில் மனை. கட்டும்போது எதில் கவனம் வேண்டும்?

நல்ல கேள்வி தம்பி. காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிதான் முதல் கவலை. குளோரைடு உப்பு மெல்ல உள்ளே இறங்கி கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில்தான் சீலிங் உப்பிப் பெயர்ந்து விழுகிறது. கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் இடையே 45 முதல் 50 மில்லிமீட்டர் காங்கிரீட் இருக்கட்டும். அந்த இடைவெளியைக் காக்கும் கவர் பிளாக் கட்டைகளை வைக்கிறார்களா என்று காங்கிரீட் போடும் அன்று நீங்களே நின்று பாருங்கள். இரும்பு உலைக் கசடு கலந்த ஸ்லாக் சிமென்ட் கிடைத்தால் அதையே வாங்குங்கள், உப்பு இறங்குவதை அது நன்றாகத் தடுக்கும். கடற்கரை மணலும் உப்புத் தண்ணீரும் கலவைக்கும் ஆகாது, நீராற்றவும் ஆகாது.

எவர்சில்வர் கைப்பிடி என்று விற்பதில் பெரும்பாலானவை 304 ரகம். கடலோரத்தில் சில மாதங்களிலேயே பழுப்புப் புள்ளி வரும். மாலிப்டினம் கலந்த 316 ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். ஏ.சி.யின் வெளிப்பெட்டியை மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். முதல் வரிசை வீட்டுக்கும் நான்கைந்து தெரு தள்ளியிருக்கும் வீட்டுக்கும் பராமரிப்பில் பெரிய வித்தியாசம் உண்டு. என் வீடு கடலிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. தெரிந்துதான் அங்கே வாங்கினேன்.

கேள்வி: மனை வாங்கிப் போட்டால் லாபமா?

மேலே சொன்னதுதான்.

கேள்வி (கடலை ஒட்டி வீடு வைத்திருப்பவர்): கடல் ஒவ்வோர் ஆண்டும் நெருங்கி வருகிறது. வீட்டுக்கு முன்னால் கருங்கல் கொட்டிச் சுவர் கட்டப்போகிறேன். எத்தனை அடி உயரம் வேண்டும்?

உயரம் சொல்வதற்கு முன், கட்டவேண்டாம் என்றே சொல்வேன். புயல் காலத்தில் அலை கரை மணலை இழுத்துப்போய்க் கடலுக்குள் திட்டாகப் போடும். அமைதியான மாதங்களில் அதே மணலைத் திரும்பக் கொண்டுவரும். கரை இப்படித்தான் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. நடுவில் சுவர் நின்றால் அலை அதில் மோதித் திரும்பும் வேகத்தில் சுவரின் அடிமணலை அரித்துவிடும். முதலில் கடற்கரை போகும், பிறகு சுவர் சாயும்.

அவரே மீண்டும்: பக்கத்துக்காரர் கல் போட்டுப் பத்து ஆண்டாகிறது, அவர் வீடு அப்படியே நிற்கிறது. புத்தகத்தில் உள்ளதை வைத்துச் சொல்லாதீர்கள்.

ஐயா, அவர் வீடு நிற்கிறது, சரி. அவர் வீட்டுக்கு முன்னால் நடக்க மணல் இருக்கிறதா? உங்கள் பக்கம் அரிப்பு தொடங்கியது அவர் கல் போட்டதற்கு முன்பா, பின்பா?

அவரே: பின்புதான். அதற்காக நான் சும்மா இருக்கவேண்டுமா? வீடே போன பிறகு கடற்கரை எனக்கு எதற்கு?

இன்னொருவர் குறுக்கிட்டு: உங்களுக்கு அடுத்த மனைக்காரனாக நான் இருந்தால்? எங்கள் வரிசையில் இப்படி ஒருவர் பின் ஒருவராகக் கட்டி, கடைசியில் இருந்த எங்கள் தோட்டம் போயிற்று. நீங்கள் தடுக்கும் கடல் வேறெங்கேயும் போவதில்லை, பக்கத்தில்தான் திரும்புகிறது.

மற்றொருவர்: ஆனால் பெரிய நகரங்களெல்லாம் சுவர் கட்டித்தானே வைத்திருக்கின்றன? அவர்களுக்கு நியாயம், ஒற்றை வீட்டுக்காரருக்குக் கூடாதா?

மூவரும் சொல்வதில் உண்மை இருக்கிறது. சேர்த்தே பதில் சொல்கிறேன்.

மணல் கரையோரமாக ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு ஆறு. எங்கே மறித்தாலும் அடுத்த பக்கம் பட்டினி கிடக்கும். ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்ட்டில் 1960-களின் தொடக்கத்தில் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தின் கரைச் சுவர்களை நீட்டினார்கள். வடக்கே போகவேண்டிய மணல் நின்றது. 1967-இல் அடுத்தடுத்துப் புயல்கள் வந்தபோது அங்கே கடற்கரைகள் கடுமையாக அரித்துப்போயின. தடுத்த மணலைக் குழாய் வழியே நிரந்தரமாக இறைத்து அனுப்பும் ஏற்பாடு 2001-இல்தான் வந்தது. மெக்சிகோவின் கான்கூனில் 2005-இல் வில்மா புயல் கடற்கரையை வாரிக்கொண்டு போனது. கடலடியிலிருந்து மணல் உறிஞ்சிக் கொட்டினார்கள், அதுவும் அரித்துப்போய் 2010 வாக்கில் மறுபடியும் கொட்டவேண்டியிருந்தது.

நெருக்கமாகக் கட்டிவிட்ட நகரத்துக்குச் சுவர் தவிர வேறு வழி இல்லாமல் போகலாம். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சுவரைக் கரை முழுவதையும் அளந்து, அடித்தளம் ஆழமாக இறக்கி, முன்னால் மணல் கொட்டிக்கொண்டே இருப்பதற்கான பணத்தோடு கட்டுகிறார்கள். லாரியில் கல் கொட்டும் ஒற்றை வீட்டுக்காரரிடம் இந்த மூன்றும் இல்லை. ஐயா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. பக்கத்துக்காரர் செய்ததன் விளைவை நீங்கள் சுமக்கிறீர்கள். அதையே உங்களுக்கு அடுத்தவருக்குத் தள்ளிவிடுவதற்கு மட்டும் நான் உயரக் கணக்கு தரமாட்டேன். வரிசையில் உள்ள எல்லோரும் சேர்ந்து கரை நிர்வாகத்திடம் போங்கள். வீட்டின் முன்னறையை விட்டுக்கொடுத்துப் பின்னால் தள்ளிக் கட்ட இடம் இருந்தால் அதைத்தான் செய்யச் சொல்வேன்.

இன்னும் வீடு கட்டாதவர்களுக்கு: மணல் மேட்டில் படர்ந்திருக்கும் அடும்புக் கொடியையும் இராவணன் மீசையையும் களை என்று பிடுங்காதீர்கள். மணலைப் பிடித்துவைத்திருப்பது அவைதான். அவற்றை அழித்துப் புல்தரை போட்ட ரிசார்ட்டுக்குப் பக்கத்து மனையை வாங்காதீர்கள்.

கேள்வி: சுவர் வாதத்தில் நான் முதலாமவர் பக்கம். அப்புறம், விலை ஏறுமா என்று யாராவது தெளிவாகச் சொல்லலாமே?

நான்காவது முறை வேண்டாம்.

கேள்வி: பக்கத்து வீடுகளெல்லாம் நாள் வாடகைக்கு விடுகிறார்கள். இரவெல்லாம் சத்தம். என்ன செய்வது?

சத்தத்தைவிடப் பெரிய இழப்பு, நிரந்தரமாகக் குடியிருப்பவர் போய்விடுவது. அவசரத்துக்குத் தட்டக் கதவு இருக்காது. அங்கே வேலை செய்பவர்களுக்கே வாடகைக்கு வீடு கிடைக்காமல் போகும். பார்சிலோனா நகரம் 10,000-க்கும் மேற்பட்ட சுற்றுலாக் குடியிருப்பு உரிமங்களை 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிக்கப்போவதில்லை என்று 2024-இல் அறிவித்தது. உங்கள் பகுதியின் விதி என்ன என்பதை உள்ளாட்சியில்தான் கேட்கவேண்டும். வாங்குவதற்கு முன்பு என்றால், இரவு பத்து மணிக்கு அந்தத் தெருவில் நின்று, எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்று சீசனிலும் சீசன் அல்லாதபோதும் எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: கழிவுநீரெல்லாம் ஹோட்டல்கள் பார்த்துக்கொள்ளும்தானே?

பார்த்துக்கொள்ளாத இடங்களும் உண்டு. பிலிப்பைன்சின் போராகாய் தீவில் சுத்திகரிக்காத கழிவுநீர் கடலுக்குப் போனதால், 2018 ஏப்ரல் 26 முதல் ஆறு மாதம் சுற்றுலாப் பயணிகளுக்குத் தீவையே மூடினார்கள். அத்தனை பேரின் வருமானமும் ஒரே நாளில் நின்றது. உங்கள் பகுதியில் மழைநீர் வாய்க்கால் கடலில் சேரும் இடத்துக்குப் போய் மோந்து பாருங்கள். மணலில் செப்டிக் டேங்க் கசிந்தால் பக்கத்து போர் தண்ணீரில் வந்து கலக்கும். நைட்ரேட் பார்க்கச் சொன்னது அதனால்தான். தண்ணீர்ச் சோதனை முடிவு வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: சுனாமி பயம்?

கடல் திடீரென உள்வாங்கினாலோ, நிலம் நீண்ட நேரம் அதிர்ந்தாலோ, அறிவிப்புக்குக் காத்திருக்காமல் மேட்டுக்கு நடக்கவேண்டும். வீட்டிலிருந்து அந்த மேட்டுக்குப் போகும் வழியைக் குழந்தைகளோடு ஒருமுறை நடந்து பழகுங்கள். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு இதில் அலட்சியத்துக்கு இடமில்லை.

கேள்வி: பத்திரத்தில் கடலோர ஒழுங்குமுறை எல்லை பற்றி ஒரு சந்தேகம்...

வழக்கறிஞரிடம் போங்கள். தவறாகச் சொல்லி உங்கள் வீட்டைப் பறிகொடுக்க வைக்க நான் விரும்பவில்லை.

கேள்வி (ஆசிரியை மீண்டும்): எல்லாம் படித்தேன் சார். திங்கட்கிழமை முன்பணம் தருவதாக ஏற்கெனவே சொல்லிவிட்டோம். இப்போது என்ன செய்வது?

அம்மா, சொன்ன வார்த்தையை மீறச் சொல்லவில்லை, பத்து நாள் தள்ளிவைக்கத்தான் சொல்கிறேன். தண்ணீர் முடிவு வரட்டும் என்று நேராகவே சொல்லுங்கள், நல்ல விற்பனைக்காரர் மறுக்கமாட்டார். ஞாயிறு காலை போய் மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். ஆய்வகத்தில் கொடுக்கும் பாட்டிலையே எடுத்துப்போய், அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். அன்றைக்கே கொடுக்க முடியாவிட்டால் குளிர்பெட்டியில் வையுங்கள். முடிவு வந்ததும் எண்களை இங்கே எழுதுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.