போர்க்காலத் தலைவர் ஒருவரின் பிம்பத்தைக் கேலிச்சித்திரங்களால் மாற்றிவிட முடியுமா?

முடியும் என்பதற்கு நெப்போலியனின் உயரமே போதுமான சான்று. நீங்கள் தேர்வுக்காகக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கோ இது சொந்த விவகாரம்.

நெப்போலியன் இறந்தபின் எடுத்த அளவு ஐந்து அடி இரண்டு அங்குலம். அது பழைய பிரெஞ்சு அளவு. இன்றைய கணக்கில் ஏறத்தாழ 168 சென்டிமீட்டர், அதாவது அக்காலப் பிரெஞ்சு ஆண்களின் சராசரிக்குக் குறையாத உயரம். அவரைக் குள்ளராக்கியதில் பெரும்பங்கு லண்டன் ஓவியர் ஜேம்ஸ் கில்ரேவுடையது. 1803 மே 18 அன்று பிரிட்டன் பிரான்ஸ்மீது போர் அறிவித்தது. மே 24 தேதியிட்ட கில்ரேயின் படத்தில், மேசை நாற்காலிகளை உதைத்துத் தள்ளி, ஆங்கிலப் பத்திரிகைகளைச் சபித்துக் கூத்தாடும் ஒரு குட்டி மனிதர் நிற்கிறார். அடுத்த மாதப் படத்தில் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் தம் உள்ளங்கையில் வாளோடு நிற்கும் நெப்போலியனைத் தொலைநோக்கி வைத்துப் பார்க்கிறார். ஆல்ப்ஸ் மலையில் சீறி எழும் குதிரைமேல் நெப்போலியனை அமர்த்திப் பிரெஞ்சு ஓவியர் டாவிட் தீட்டிய ஓவியமும் (உண்மையில் அவர் கடந்தது கோவேறு கழுதையில்) இந்தக் குட்டிப் பிம்பத்தை அழித்துவிடவில்லை.

கில்ரே குள்ளத்தையும் கோபத்தையும் ஒன்றாகப் பிணைத்ததுதான் என்னைச் சுட்டது. என் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் லிஃப்ட் பராமரிப்புச் செலவுக்கு ரசீது எங்கே என்று கேட்டேன். குரல் சற்று உயர்ந்திருக்கலாம். உடனே பொருளாளர், "நெப்போலியன் படையெடுத்துவிட்டார்" என்றார். கூடமே சிரித்தது, அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள். அதே கூட்டத்தில் வாகன நிறுத்துமிடத்துக்காக மேசையைத் தட்டிக் கத்திய ஆறடி மனிதரை எவரும் எந்தப் பெயரும் சொல்லி அழைக்கவில்லை. அவருக்கு வந்தது நியாயமான கோபம், எனக்கு வந்தது உயரக் குறைவின் கோளாறு என்று அங்கிருந்தவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். ரசீது இன்றுவரை வரவில்லை.

குட்டையானவன் குட்டையானவனுக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று யாரேனும் பின்னூட்டமிடுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: நெப்போலியன் நல்லவர் என்று நான் வாதாடவில்லை, ஒழிக்கப்பட்ட அடிமை முறையை 1802-இல் மீட்டவர் அவர். கேலிச்சித்திரம் மட்டுமே காரணம் என்றும் சொல்லவில்லை. உயரமான காவல்படையினர் நடுவே நின்றதும் அவரைச் சிறியவராகக் காட்டியிருக்கக்கூடும். ஆனால் இதை ஒரு கலைஞனின் குறும்பு என்று மட்டும் ஒதுக்குபவர்கள், 1797-இலேயே பிரிட்டிஷ் அரசு கில்ரேவுக்கு ஆண்டுக்கு 200 பவுண்டு உதவித்தொகை வழங்கத் தொடங்கியிருந்ததையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.