வெளித்தீவில் 40 பேர் முகாம்: தண்ணீர் எவ்வளவு, தரைமட்டம் எவ்வளவு?

கேள்வி: மாலத்தீவின் வெளித்தீவு ஒன்றில் பள்ளிக் கட்டட வேலைக்குத் தளப் பொறியாளராகப் போகிறேன். 40 தொழிலாளர்கள், ஓராண்டு முகாம். ஒப்பந்த நிறுவனம் தந்த ஆபத்து மதிப்பீட்டுப் படிவத்தில் புயல், நிலநடுக்கம், வெள்ளம் என்று கட்டங்கள் இருக்கின்றன. பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் எல்லாவற்றுக்கும் ‘குறைவு’ என்று போடச் சொல்கிறார்கள். அது சரியா? தீவுக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா? மழைநீர் என்றால் எத்தனை தொட்டி வேண்டும்?

பதில்: படிவம் பெருநிலத்துக்காகத் தயாரித்தது. புயல் அங்கே அபூர்வம் என்பது உண்மைதான், நிலநடுக்கமும் பெரிதாக இல்லை. ஆனால் அந்தக் கட்டங்கள் எதுவும், சிறிய அடி பட்டபிறகு தீவு எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும் என்று கேட்கவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் மாலத்தீவில் இறந்தவர்கள் 82 பேர், காணாமல் போனவர்கள் 26 பேர். நாகப்பட்டினத்தோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. பவளத்தீவைச் சுற்றிக் கடல் செங்குத்தாக ஆழமாவதால் அலை சுவர்போல் எழும்பவில்லை, வெள்ளம்போல் ஏறி இறங்கியது. ஆனால் பொருள் இழப்பு சுமார் 47 கோடி டாலர், நாட்டின் ஓராண்டு உற்பத்தியில் 62 சதவீதம். இந்தியாவுக்கு அதே சுனாமியின் இழப்பு 1 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலிலிருந்து மாலத்தீவை விடுவிக்க ஐ.நா. பொதுச்சபை முடிவெடுத்தது அந்த டிசம்பர் 20ஆம் தேதி. ஆறே நாளில் சுனாமி வந்தது. பட்டியலிலிருந்து வெளியேற 2011 ஜனவரி ஆகிவிட்டது. தலைக்கு இத்தனை வருமானம் என்ற கணக்கில் வசதியான நாடாகத் தெரிந்து, ஒரு காலைப்பொழுதில் ஓராண்டு உற்பத்தியில் பாதிக்கு மேல் மதிப்புள்ளதை இழக்கிற நிலைதான் சிறு தீவு நாடுகளின் அடிப்படைச் சிக்கல். அதனால் படிவத்தில் ‘கடல்நீர் உட்புகுதல்’, ‘குடிநீர் இழப்பு’, ‘சரக்குப் படகு தாமதம்’ என்று மூன்று வரி சேருங்கள். மூன்றுக்கும் ‘அதிகம்’ என்றே போடுங்கள்.

முதலில் கடல்நீர். அங்கே அடிக்கடி வருவது சுனாமி இல்லை, தொலைதூரத்து வீக்கலை. இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் எங்கோ வீசும் புயல் எழுப்பிய நீண்ட அலைகள் சில நாள் பயணம் செய்து வந்து சேரும். வானம் வெளுத்திருக்கும், காற்று இருக்காது, தண்ணீர் மட்டும் தெருவுக்கு வந்துவிடும். 1987 ஏப்ரலில் மாலே நகரமே இப்படி மூழ்கியது. ஜப்பான் உதவியோடு அங்கே டெட்ராபாட் (நான்கு கால் கொண்ட கான்கிரீட் கட்டி) அலைதாங்கி வந்தது அதற்குப் பிறகுதான். 2007 மே மாதம் பல அட்டோல்களில் (வளையமாக அமைந்த பவளத்தீவுக் கூட்டங்களில்) ஒரே சமயத்தில் தீவுகளுக்குள் நீர் புகுந்தது. உயர் ஓதத்தோடு (கடல்மட்டம் அன்றாடம் ஏறி நிற்கும் நேரம்) சேர்ந்து வரும்போதுதான் பாதிப்பு அதிகம் என்பதால் ஓத அட்டவணையைத் தள அலுவலகச் சுவரில் ஒட்டி வையுங்கள், பௌர்ணமி அமாவாசை நாட்களைச் சிவப்பில் குறியுங்கள்.

போய் இறங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை லெவல் எடுப்பது, அதாவது தரையின் உயரத்தை அளப்பது. கடலோரம் உயரம், நடுத்தீவு பள்ளம் என்று பல தீவுகள் தட்டு வடிவில் இருக்கும். வெளிக்கடல் பக்கம் அலைகள் குவித்த மேடு இருக்கும். அதைத் தாண்டிய நீர் திரும்பிப் போக வழியில்லாமல் நடுவில் தேங்கும். முகாமுக்கு ஒதுக்கும் இடம் பெரும்பாலும் யாருக்கும் வேண்டாத அந்தப் பள்ளமாகத்தான் இருக்கும். தீவின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை 10 மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் இரண்டு குறுக்குவெட்டு எடுங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் 2004லும் 2007லும் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டு, அவர்கள் காட்டும் சுவரிலேயே லெவல் வையுங்கள். அந்தக் குறிக்கு மேல் குறைந்தது அரை மீட்டரில் தங்குமிடத் தளம், ஜெனரேட்டர், மின்பலகை மூன்றும் இருக்க வேண்டும். இதற்காக மனை முழுவதையும் மண் கொட்டி உயர்த்தாதீர்கள். நீர் பக்கத்து வீட்டுக்குப் போகும். கடலைத் தூர்த்து உயரமாகப் புது நிலம் சேர்த்த தீவுகளில் பழைய ஊர் பள்ளமாகிப்போய் சாதாரண மழைக்கே நீர் நிற்பது இதனால்தான். தூண் மேல் தளம் போதும்.

இனி கிணறு. தீவுக்கு அடியில் மழைநீர் ஒரு வில்லைபோல உப்பு நீரின் மேல் மிதக்கிறது. அடர்த்தி வேறுபாட்டால், கடல்மட்டத்துக்கு மேல் 1 பங்கு நன்னீர் நின்றால் கீழே 40 பங்கு இருக்கும் என்பது கோட்பாடு. உண்மையில் பவளப் பாறையின் துளைகள் வழியே கலப்பு நடப்பதால் அத்தனை இருக்காது. இந்தக் கணக்கைத் திருப்பிப் பார்த்தால்தான் ஆபத்து தெரியும்: மோட்டார் போட்டு நீர்மட்டத்தை 10 செ.மீ. இறக்கி அங்கேயே வைத்திருந்தால், அடியில் உப்பு நீர் 4 மீட்டர் வரை மேலேறப் பார்க்கும். ஆகவே கிணற்றை ஆழப்படுத்தாதீர்கள். தண்ணீர் போதவில்லை என்று ஆழப்படுத்துவதுதான் நம் ஊர்ப் பழக்கம், அங்கே அது கிணற்றைக் கொல்லும். ஒரு கிணற்றில் 1 ஹெச்.பி. மோட்டாருக்குப் பதில், இரண்டு மூன்று ஆழமில்லாத கிணறுகளில் சிறிய பம்புகளை விட்டு விட்டு ஓட்டுங்கள்.

கையடக்க மின்கடத்துத்திறன் மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நீரில் உப்பு கூடக் கூட அதன் எண்ணும் கூடும். கடல்நீர் சுமார் 50,000 மைக்ரோசீமென்ஸ் காட்டும். நன்னீரில் 5 சதவீதம் கடல்நீர் கலந்தாலே 2,500ஐத் தாண்டும். அதற்கு மேல் குடிநீர் என்று சொல்ல முடியாது. கிணற்று மட்டம் ஓதத்தோடு ஏறி இறங்குவதால் உயர் ஓதத்தில் ஒரு முறை, தாழ் ஓதத்தில் ஒரு முறை, மேல்பரப்பில் ஒன்று, அடியில் ஒன்று என்று நான்கு அளவு எடுங்கள். மேலே 900, அடியில் 4,000 என்றால் உங்கள் பம்பின் உறிஞ்சுகுழாய் மேல் அரை மீட்டருக்குள் தொங்க வேண்டும் என்று அர்த்தம்.

உப்பு குறைவு என்பதாலேயே குடிக்கலாம் என்று முடிவு கட்ட வேண்டாம். பவள மணல் கழிவுநீரை வடிகட்டித் தராது, அப்படியே விட்டுவிடும். செப்டிக் தொட்டியின் அடி, பக்கம் எல்லாம் பூசி மூடி, கிணற்றிலிருந்து குறைந்தது 15 மீட்டர் தள்ளி வையுங்கள். அடி திறந்த உறைக்குழி கூடாது. என் தீர்ப்பு: கிணறு குளிக்க, துவைக்க, கழுவ. குடிக்கவும் சமைக்கவும் மழைநீர்.

தொட்டிக் கணக்கு எளிது. வெயிலில் வேலை செய்கிறவருக்குக் குடிக்க 5, சமையலுக்கு 5 என ஒரு நாளுக்கு 10 லிட்டர். 40 பேருக்கு 400. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை வறண்ட காலம், மாலேயில் பிப்ரவரி மழை 50 மி.மீ.கூட இருக்காது, வடக்கே இன்னும் குறைவு. 100 நாள் என்று வைத்தால் 40,000 லிட்டர், அதாவது 5,000 லிட்டர் தொட்டி எட்டு. 1 சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழை 1 லிட்டர். தகரக் கூரையில் 80 சதவீதம்தான் கைக்கு வரும். 200 சதுர மீட்டர் கூரை இருந்தால் 1 மி.மீ.க்கு 160 லிட்டர், 200 மி.மீ. பெய்யும் ஒரு மாதத்தில் 32,000. அதில் அந்த மாதச் செலவு 12,000 போக 20,000 மிஞ்சும். எட்டுத் தொட்டியும் நிரம்ப நல்ல மழை மாதம் இரண்டு வேண்டும். டிசம்பர் முடிவில் தொட்டிகள் முழுதாக நிற்க வேண்டுமானால் அக்டோபருக்குள் கூரையும் வாய்க்காலும் தயாராகிவிட வேண்டும். டிசம்பரில் தொட்டி இறக்குகிறவர்கள் மார்ச்சில் பாட்டில் தண்ணீருக்கு அலைவார்கள்.

அதிகம் தவறுவது முதல் மழைநீர் வெளியேற்றத்தில். கூரையின் உப்புத் தூசியும் பறவை எச்சமும் கழுவிப் போக, சதுர மீட்டருக்கு 1 லிட்டராவது வெளியே விட வேண்டும். 200 சதுர மீட்டருக்கு 200 லிட்டர். இதற்கு 4 அங்குல பிவிசி குழாயில் 1 மீட்டர் துண்டு தொங்கவிட்டு மூடி போட்டுவிடுவார்கள். அதில் பிடிப்பது சுமார் 8 லிட்டர்! 200 லிட்டர் டிரம் ஒன்றை இடையில் வைத்து, அது நிரம்பியபின் தொட்டிக்கு வழியுமாறு இணையுங்கள். டிரம்மின் அடியில் சிறிய வடிகுழாய் இருந்தால் அடுத்த மழைக்குள் தானே காலியாகும். தொட்டி நீரில் கிருமி போக, 30 சதவீதம் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் என்றால் 5,000 லிட்டருக்கு 33 கிராம், தனி வாளியில் கரைத்துத் தெளிவை மட்டும் ஊற்றி, அரை மணி கழித்து மீதக் குளோரின் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மி.கி. இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஈரப்பதத்தில் பவுடர் சீக்கிரம் வீரியம் இழக்கும், சிறு டப்பாக்களாக வாங்குங்கள்.

தொட்டியைக் கட்டிப் போட மறக்காதீர்கள். 1.8 மீட்டர் விட்டமுள்ள காலித் தொட்டியைச் சுற்றி அரை மீட்டர் நீர் நின்றால் அதை மேலே தள்ளும் விசை சுமார் 1.3 டன். தொட்டியின் எடை அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. கிளம்பி மிதக்கும், குழாய் இணைப்பைப் பிய்த்துக்கொண்டு போகும். 60 செ.மீ. மேடை, அதில் புதைத்த கொக்கி, நைலான் பட்டை நான்கு. வறட்சியில் காலியாகும் தொட்டிகளுக்குத்தான் இது அதிகம் தேவை.

கடல்நீர் உள்ளே வந்து கிணறு கெட்டுவிட்டால், மிதக்கும் குப்பையை அள்ளிவிட்டு ஒரு முறை மட்டும் இறைத்து விட்டுவிடுங்கள். 2004க்குப் பிறகு கிழக்கிலங்கைக் கடலோரத்தில் சுத்தம் செய்வதாகக் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். அதனால் உவர்ப்பு அகன்றுவிடவில்லை, சில இடங்களில் அடியிலிருந்து உப்பு ஏறியதுதான் மிச்சம். கழுவிக் கொடுத்தது பருவமழை. அதுவரை குடிநீர்த் தொட்டிக் கணக்கில் கைவைக்காமல், குளிப்புக்கு மட்டும் உவர்நீரைப் பயன்படுத்தலாம்.

தீவில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆர்.ஓ. ஆலை இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும், ஆனால் அது தீவின் டீசல் ஜெனரேட்டரை நம்பியது, ஜெனரேட்டர் படகை நம்பியது. 2014 டிசம்பரில் மாலேயின் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் தீப்பிடித்தபோது தலைநகரமே குடிநீரின்றி நின்று, இந்தியா விமானத்திலும் ஐ.என்.எஸ். சுகன்யா கப்பலிலும் தண்ணீர் அனுப்ப வேண்டியிருந்தது.

சுனாமி எச்சரிக்கை வந்தால் ஓடிப்போக மலை கிடையாது. பள்ளி, மசூதி, அலுவலகம் என்று கான்கிரீட் மாடி உள்ள கட்டடம் எது, அதன் படிக்கட்டுச் சாவி யாரிடம் என்று முதல் வாரமே தெரிந்துகொள்ளுங்கள். சுமத்ரா பக்கம் நில அதிர்வு என்றால் நேரம் இருக்கிறது, 2004இல் அலை மாலேயை எட்ட மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஆனது. தோணியில் ஏறிக் கடலுக்குள் போகலாமா என்று தொழிலாளர்கள் கேட்பார்கள். துறைமுக வாய் வழியே நீர் சுழன்று ஓடும்போது அது வேண்டாத வேலை.

கடைசியாக மணல். கரையில் கிடக்கிறதே என்று ஒரு கூடைகூட அள்ளாதீர்கள். அது சட்டப்படி குற்றம், கம்பியை அரிக்கும் உப்பும் உள்ளது. அதைவிட, அந்த மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை: தென்மேற்குப் பருவத்தில் தீவின் ஒரு பக்கமும் வடகிழக்குப் பருவத்தில் மறுபக்கமும் என்று ஆண்டுதோறும் சுற்றி வருகிறது. ஜூலையில் அகலமாகத் தெரியும் கடற்கரையை நம்பிச் சிமென்ட் கொட்டகை போட்டால் ஜனவரியில் அடித்தளம் தொங்கும். எந்தத் தற்காலிகக் கட்டுமானமும் தாவர வரம்புக்கு (நிலையான செடிகொடி தொடங்கும் கோடு) உள்ளே இருக்கட்டும். ஜல்லி, மணல், சிமென்ட் எல்லாம் வெளியிலிருந்துதான் வர வேண்டும். தூத்துக்குடித் தோணி, பார்ஜ் (தட்டையான சரக்குப் படகு) எதுவானாலும் தென்மேற்குப் பருவக் காற்று மாதங்களில் நிற்கும் அல்லது தாமதமாகும். கூரை, அடித்தளச் சரக்கு மே மாதத்துக்கு முன் தீவில் இறங்கிவிடுமாறு ஆர்டர் போடுங்கள். அரிசி, டீசல், மருந்து மூன்றும் வழக்கமான படகு இடைவெளிக்கு மேல் இன்னும் இரண்டு வாரத்துக்கு இருப்பில் இருக்கட்டும். டீசல் பீப்பாய்களைச் சுற்றி மொத்தக் கொள்ளளவில் 110 சதவீதம் பிடிக்கும் தடுப்புச் சுவர் கட்டுங்கள். ஒரே ஒரு பீப்பாய் கவிழ்ந்தாலும் அது போய்ச் சேருமிடம் அந்தக் கிணற்று நீர்தான்.