அமெரிக்காவில் சில மாநிலங்கள் ஏஆர்-15 போன்ற, ராணுவ ரகச் சாயலில் உள்ள நீளத் துப்பாக்கிகளையும் (ரைஃபிள்) பெரிய மேகசின்களையும் (துப்பாக்கியில் மாட்டும் தோட்டாப் பெட்டிகள்) தடை செய்திருக்கின்றனவே, அதனால் ஏதாவது பயன் உண்டா?

உண்டு. ஆனால் துப்பாக்கித் தடையை விட மேகசினுக்கான வரம்புதான் அந்தச் சட்டங்களில் உயிர் காக்கும் பகுதி என்பது என் உறுதியான கருத்து. நான் குடும்பத்தோடு இல்லினாய் மாநிலத்தில் வசிப்பவன். இங்கே 2023 ஜனவரி 10 அன்று கவர்னர் பிரிட்ஸ்கர் கையெழுத்திட்ட சட்டப்படி, ரைஃபிள் மேகசினில் 10 தோட்டா, கைத்துப்பாக்கி மேகசினில் 15 தோட்டாதான் உச்சவரம்பு. ஏஆர்-15 ரகத் துப்பாக்கிகளின் விற்பனை அன்றே நின்றது.

மேகசின் ஏன் முக்கியம்? என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் வேட்டைக்குப் போகிறவர். அவர் ஒருமுறை என்னைத் துப்பாக்கி சுடும் பயிற்சிக் கூடத்துக்கு அழைத்துப் போனார். மேகசினில் தோட்டாக்களை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்தி இறக்க வேண்டும். ஸ்பிரிங் இறுகிக்கொண்டே வரும். கடைசி இரண்டைத் தள்ளுவதற்குள் விரல் வலித்துவிட்டது. சுட்டு முடித்ததும் காலி மேகசினைக் கழற்றி அடுத்ததை மாட்ட அவருக்கு இரண்டு மூன்று விநாடிதான் ஆனது. எனக்குக் கை தடுமாறியது. பதற்றத்தில் இருப்பவனுக்கும் தடுமாறும்.

அரிசோனாவின் டூசானில் 2011 ஜனவரியில் நடந்தது இதுதான். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர் கேப்ரியல் கிஃபோர்ட்ஸ் மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்த இடத்தில், 33 தோட்டா கொள்ளும் மேகசினோடு வந்தவன் 31 முறை சுட்டான். ஆறு பேர் செத்தார்கள். மேகசின் மாற்றும்போது அவன் தடுமாற, அங்கிருந்த சாதாரண மக்கள் பாய்ந்து அவனை அமுக்கிவிட்டார்கள். ஒன்பது வயதுச் சிறுமியின் உயிரைப் பறித்தது 13-ஆவது தோட்டா என்றும், 10 தோட்டா மேகசினாக இருந்திருந்தால் அவள் இன்று உயிரோடு இருந்திருப்பாள் என்றும் கிஃபோர்ட்ஸின் கணவர் மார்க் கெல்லி 2013-இல் செனட் குழுவின் முன் சொன்னார். பெரிய மேகசின்களுக்கு நாடு முழுக்க இருந்த மத்திய அரசுத் தடை பத்து ஆண்டுகளுக்குப் பின் 2004 செப்டம்பரில் காலாவதியாகியிருந்தது. அதைப் புதுப்பிக்க காங்கிரஸுக்கு மனம் வரவில்லை. எனக்கு இன்றும் ஆறாத கோபம் இது.

சரி, சட்டம் போட்டால் மட்டும் போதுமா? சிகாகோவுக்கு வடக்கே உள்ள ஹைலண்ட் பார்க்கைப் பாருங்கள். 2013-இல் இல்லினாய் அரசு, நகராட்சிகள் சொந்தமாகத் தடை கொண்டுவர வெறும் 10 நாள் அவகாசம் கொடுத்தது. ஹைலண்ட் பார்க் அதற்குள் தீர்மானம் போட்டது. வழக்கு வந்தபோதும் நீதிமன்றத்தில் தடை நின்றது. ஆனால் ஊர் எல்லையைத் தாண்டினால் அதே துப்பாக்கி சட்டப்படியே கடையில் கிடைத்தது. 2022 ஜூலை 4 சுதந்திர தின அணிவகுப்பில், அப்படி வெளியூரில் வாங்கிய ரைஃபிளோடு ஒருவன் கூரை மேல் ஏறி, ஒரு நிமிடத்துக்குள் 83 தோட்டாக்களைச் சுட்டான். 30 தோட்டா மேகசின்கள். ஏழு பேர் இறந்தார்கள். பெற்றோர் இருவரையும் ஒரே நாளில் இழந்த இரண்டு வயதுக் குழந்தையும் உண்டு. அதற்குப் பிறகுதான் மாநிலம் முழுவதற்குமான சட்டம் வந்தது. இன்றும் பக்கத்தில் இந்தியானாவிலும் விஸ்கான்சினிலும் இப்படித் தடை இல்லை. காரில் போனால் எட்டிவிடும் தூரம்.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. இந்தத் துப்பாக்கிகளைச் சட்டத்தில் எப்படி அடையாளம் காட்டுவது? தனிக் கைப்பிடி, தோளில் பதியும் மடங்கு கட்டை, சுடும்போது வரும் தீப்பொறியை மறைக்கும் முனை என்று பாகங்களைச் சொல்லித் தடுத்தால், தயாரிப்பாளர்கள் அந்தப் பாகத்தை மட்டும் மாற்றி அதே துப்பாக்கியை விற்பார்கள். 1989-இல் ஸ்டாக்டன் பள்ளியில் ஐந்து குழந்தைகள் கொல்லப்பட்டபின் நாட்டிலேயே முதலில் சட்டம் கொண்டுவந்த கலிஃபோர்னியாவே இதோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டியிருக்கிறது. தோட்டா எண்ணிக்கையில் இந்தத் தகிடுதத்தம் செல்லாது. பத்து என்றால் பத்துதான்.

ஏற்கெனவே கையில் இருப்பவற்றை என்ன செய்வது என்பதில் மாநிலத்துக்கு மாநிலம் வித்தியாசம் உண்டு. வாஷிங்டன் மாநிலத்தில் 2023-இல் வந்த சட்டம் விற்பனையைத்தான் தடுக்கிறது, வைத்திருப்பதை அல்ல. இல்லினாயில் மாநிலப் போலீஸிடம் பதிவு செய்ய வேண்டும். என் அலுவலக நண்பர் முணுமுணுத்துக்கொண்டே பதிவு செய்தார். ஆனால் பல கவுண்டி ஷெரிஃப்கள் (மாவட்டக் காவல் தலைவர்கள்) இதை அமல்படுத்த மாட்டோம் என்று வெளிப்படையாக அறிக்கை விட்டார்கள். சட்டத்தைக் காக்க வேண்டியவர்களே அப்படிப் பேசியதை என்னால் ஏற்க முடியவில்லை.

நீதிமன்றத்தைப் பொறுத்தவரை, மேரிலாந்தின் தடைக்கு எதிரான வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 ஜூனில் விசாரணைக்கு எடுக்க மறுத்தது. மூன்று நீதிபதிகள் எடுக்க விரும்பினார்கள். நீதிபதி கேவனா, ஏஆர்-15 தடை அரசியல் சட்டப்படி செல்லுமா என்ற கேள்வியை ஓரிரு ஆண்டுகளுக்குள் நீதிமன்றம் எடுக்க வேண்டும், அநேகமாக எடுக்கும் என்று தனியாக எழுதினார். ஆகவே இந்தச் சட்டங்கள் எல்லாமே நூலில் தொங்குகின்றன.

எதிர்த்தரப்பு சொல்வதில் ஒன்று முழு உண்மை: அமெரிக்கத் துப்பாக்கிக் கொலைகளில் பெரும்பாலானவை கைத்துப்பாக்கியால் நடப்பவை, ரைஃபிளால் நடப்பவை மிகச் சொற்பம். 2022-இல் துப்பாக்கியால் இறந்த 48,000-க்கும் மேற்பட்டவர்களில் பாதிக்கு மேல் தற்கொலைகள். அவற்றை இந்தச் சட்டம் குறைக்காது. அதற்குத் துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் கட்டாயமும், ஆபத்தான நிலையில் இருப்பவரிடமிருந்து கோர்ட் உத்தரவோடு அதை வாங்கி வைக்கும் சட்டமும் வேண்டும். இல்லினாயில் இரண்டாவது 2019 முதலே இருக்கிறது. ஆனால் இந்தத் தடைகளின் நோக்கம், பள்ளியிலும் ஊர்வலத்திலும் ஒருவன் நுழையும்போது எத்தனை பேர் சாவார்கள் என்பதைப் பற்றியது. அந்த எண்ணிக்கையை மேகசின் வரம்பு குறைக்கும் என்றே நான் நம்புகிறேன்.