எந்த எம்எக்ஸ்-5? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

மாஸ்டாவின் இரு இருக்கை, திறந்த கூரை ஸ்போர்ட்ஸ் காரான எம்எக்ஸ்-5 ஒன்று வாங்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. மூன்று கார்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். முதலாவது 1991 அக்டோபரில் பதிவான முதல் தலைமுறைக் கார், முகப்பு விளக்கு எழுந்து நிற்குமே, அது, 1.6 லிட்டர், சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழ்) 2031 வரை. இரண்டாவது 2013இல் பதிவான மூன்றாம் தலைமுறை, 2.0 லிட்டர், மடங்கும் கெட்டிக் கூரை. அதன் சிஓஇயை ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்திருக்கிறார்கள், 2028இல் முடிகிறது. மூன்றாவது 2017 செப்டம்பரில் பதிவான நான்காம் தலைமுறை 1.5, துணிக் கூரை.

ஈசூனில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. கார் நிறுத்துமிடம் திறந்தவெளி, மரத்தடி. வார இறுதியில் ஓட்டுவேன். வாரத்தில் இரண்டு நாள் மேற்குக் கோடியில் உள்ள துவாசுக்கு வேலைக்கும் எடுத்துப் போவேன். மனம் பழையதின் பக்கம்தான் சாய்கிறது. அதற்கு 35 வயது ஆகப்போகிறதே, கிளாசிக் திட்டத்துக்கு மாற்றிக்கொண்டால் சிஓஇ தொல்லை இருக்காது என்று ஒரு நண்பர் சொல்கிறார். உங்கள் கருத்து என்ன?

செந்தில், ஈசூன்

அன்புள்ள செந்தில்,

கேள்வியோடு சிஓஇ விவரத்தையும் கார் நிற்கும் இடத்தையும் எழுதியது நல்லதாயிற்று. விடை அந்த இரண்டிலும்தான் இருக்கிறது.

2013 காரை முதலில் விலக்கிவிடலாம். கார் மோசமில்லை. ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்த சிஓஇயை மறுபடி புதுப்பிக்க முடியாது. 2028இல் பதிவை நீக்கியே ஆக வேண்டும். ஒரு முறை புதுப்பித்துவிட்டதால் பார்ஃப் கழிவும் (பத்து ஆண்டுக்குள் பதிவை நீக்கினால் திரும்பக் கிடைக்கும் தொகை) கிடையாது. 1,999 சிசிக்கு ஆண்டுச் சாலை வரி 1,200 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல், பத்து வயது தாண்டியதற்கான கூடுதல் வரி அதன்மேல். இரண்டு ஆண்டு வாடகைக்கு எடுப்பது போன்ற கணக்கு இது. எதையும் பழுதுபார்த்துப் பாதுகாக்கும் ஊக்கம்கூட உங்களுக்கு வராது.

அடுத்து நண்பர் சொன்ன கிளாசிக் திட்டம். 35 ஆண்டு நிறைந்த வாகனங்களுக்கு அப்படி ஒரு திட்டம் இருப்பது உண்மைதான். ஆனால் அதில் ஆண்டுக்கு இத்தனை நாள் என்ற வரம்புக்குள்தான் சாலையில் எடுக்கலாம். வாரத்தில் இரண்டு நாள் துவாஸ், அதோடு வார இறுதி என்றால் ஆண்டுக்கு இருநூறு நாளை நெருங்கிவிடும். உங்கள் பயன்பாட்டுக்கு அது வழியே அல்ல. 2031இல் சிஓஇ முடியும்போது, வார இறுதிக்கு மட்டும் போதும் என்ற நிலை வந்திருந்தால் அப்போது யோசிக்கலாம்.

ஆக, மிச்சம் இருப்பவை 1991 காரும் 2017 காரும்.

1991 கார் உங்களை இழுப்பது ஏன் என்று புரிகிறது. ஒரு டன்னுக்கும் குறைந்த எடை, பின்சக்கர ஓட்டம், நாலு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன், 14 அங்குலச் சக்கரத்தில் 185 மில்லிமீட்டர் அகல டயர். சாலையின் ஒவ்வொரு சொரசொரப்பும் ஸ்டியரிங் வழியாகக் கைக்கு வரும். 60 கிலோமீட்டர் வேகத்திலேயே அந்தக் கார் முழு மகிழ்ச்சியைத் தந்துவிடும். வேக வரம்பும் கேமராவும் உள்ள இந்த ஊருக்கு அதைவிடப் பொருத்தமான ஸ்போர்ட்ஸ் கார் இல்லை என்றே நினைக்கிறேன்.

ஆனால் அதைக் கொல்வது தண்ணீர். பனி நாடுகளில் சாலையில் போடும் உப்பு கீழிருந்து துருவை ஏற்றும். இங்கே துரு மேலிருந்து இறங்குகிறது. துணிக் கூரையின் பின் ஓரத்தில் விழும் மழைநீரை உள்ளே ஒரு ரப்பர் வாய்க்கால் வாங்கி, இரு பக்கமும் குழாய் வழியாகப் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் தரையில் விடுகிறது. மரத்தடியில் நிற்கும் காரில் சருகும் பூந்தூளும் அந்தக் குழாயில் சேறாக அடைக்கும். தூங்குமூஞ்சி மரத்தின் பொடி இலை அதற்கென்றே செய்தது போல இருக்கும். அடைத்த தண்ணீர் வழிந்து, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதிக்குள் இறங்கித் தேங்கும். பட்டறையில் அதை ‘சில்’ என்பார்கள். அது உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயிண்டில் கொப்புளம் தெரியும்போது உள்தகடு போய்விட்டிருக்கும். எம்எக்ஸ்-5க்கு மேற்கூரைச் சட்டம் இல்லாததால் உடலின் விறைப்பில் பெரும்பங்கு இந்தச் சில்களில்தான் இருக்கிறது. எஞ்சினை மாற்றலாம், கியர்பெட்டியை மாற்றலாம். சில் போன காரை வெட்டி ஒட்டித்தான் மீட்க வேண்டும்.

இதைச் சோதிப்பது எளிது. கூரையை மூடிவிட்டு, பின்கண்ணாடிக்கு வெளியே கூரை உடலைச் சந்திக்கும் ஓரத்தில் ஒரு பக்கத்துக்கு ஒரு லிட்டர் வீதம் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். சில நொடிகளில் அந்தப் பக்கத்துப் பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் கொட்ட வேண்டும். கொட்டாவிட்டாலோ சொட்டு சொட்டாக வந்தாலோ அடைப்பு. பிறகு இருக்கைக்குப் பின்னாலுள்ள கம்பளத்தைத் தூக்கி அடியில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஈரமோ புளித்த வாடையோ இருந்தால் அது இன்று நேற்று வந்த தண்ணீர் இல்லை. கடைசியாக, பின்சக்கர வளைவு சில்லைச் சந்திக்கும் மூலையை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே முன்னால் வாருங்கள். கணீரென்று கேட்டுக்கொண்டு வந்த ஒலி ஓரிடத்தில் மந்தமானால் அங்கே புட்டி பூசியிருக்கிறார்கள்.

குழாய் அடைப்பை நீக்கப் புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் கயிறு ஒரு மீட்டர் போதும். காற்றழுத்தம் அடிக்க விடாதீர்கள். உள்ளே குழாய் கழன்றுகொண்டால் அதன்பின் மழைநீர் நேராகச் சில்லுக்குள்தான் போகும்.

எஞ்சின் இவ்வளவு கவலை தராது. 1.6 எஞ்சினில் டைமிங் பெல்ட்டை 100,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டும். அறுந்தாலும் வால்வு பிஸ்டனில் மோதாது. ஒன்றை மட்டும் தவறாமல் பாருங்கள். 1991 நடுப்பகுதி வரை வந்த எஞ்சின்களில் கிராங்க் தண்டின் (எஞ்சினின் முதன்மைச் சுழல்தண்டு) முனை குட்டையானது. முன் போல்ட் சரியாக இறுகாவிட்டால் சாவிப் பள்ளம் தேய்ந்து, புல்லி ஆடத் தொடங்கி, கடைசியில் தண்டே கெடும். உங்கள் கார் அக்டோபரில் பதிவானது, தயாரான மாதம் அதற்கு முந்தியது; இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். பானட்டைத் திறந்து கிராங்க் புல்லியின் முகத்தைப் பாருங்கள். நாலு பள்ளம் இருந்தால் குட்டை முனை, எட்டு இருந்தால் திருத்திய நீள முனை. குட்டை முனையாகவே இருந்தாலும், ஐடிலில் ஓடும்போது புல்லி ஆடாமல் சுற்றினால் பயமில்லை. பெல்ட் மாற்றும்போது அந்த போல்ட்டை முறுக்குமானி வைத்து இறுக்கச் சொல்லுங்கள்.

எஞ்சினும் கியர்பெட்டியும் சேரும் இடத்தில் எண்ணெய் ஒழுகினால், கியர்பெட்டியை இறக்கிப் பின் சீல் மாற்ற வேண்டும் என்று பட்டறையில் சொல்லக்கூடும். அதற்கு முன் சிலிண்டர் ஹெட்டின் பின்புறத்தில் உள்ள கேம் ஆங்கிள் சென்சாரின் ஓ-ரிங்கை (ரப்பர் வளையம்) மாற்றச் சொல்லுங்கள். சில வெள்ளிக்குக் கிடைக்கும் பொருள். அது காய்ந்து வெடித்தால் எண்ணெய் அதே இடத்தில்தான் வழிந்து இறங்கும்.

ரேடியேட்டரின் மேல் தொட்டி பிளாஸ்டிக். கறுப்பாக இருந்தால் சரி. பழுப்பாகியிருந்தால் நெரிசலில் பிளக்கும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறது. ஹோஸ், தெர்மோஸ்டாட், ஆறு லிட்டர் கூலண்ட் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றுங்கள். கிளட்ச் கீழ் சிலிண்டர் கசிந்தால் மேல் சிலிண்டரையும் சேர்த்து மாற்றுவது நல்லது. பேட்டரி பின்னால் சாமான் பெட்டிக்குள் இருக்கிறது. வாயுக்குழாய் பொருத்திய மூடிய வகைதான் போட வேண்டும். யாராவது மலிவான சாதாரண பேட்டரி வைத்திருந்தால் அமிலம் கசிந்து அந்தப் பெட்டியின் தரையைத் தின்றிருக்கும்.

குளிர்சாதனத்தை இந்த ஊரில் அலட்சியப்படுத்த முடியாது. அந்தக் காலத்து எம்எக்ஸ்-5 ஆர்-12 வாயுவோடு வந்தது. ஆர்-134ஏக்கு மாற்றியிருப்பார்கள், ஆனால் டிரையரையும் ஓ-ரிங்குகளையும் மாற்றி, கம்ப்ரஸர் எண்ணெயையும் மாற்றினார்களா, வாயுவை மட்டும் ஏற்றிவிட்டார்களா என்று ரசீதைக் கேளுங்கள். நண்பகலில் பத்து நிமிடம் ஐடிலில் விட்டு, காற்றுவழியில் சமையல் வெப்பமானியைச் செருகிப் பாருங்கள். 10 டிகிரிக்கு அருகில் வந்தால் போதும்.

உதிரிபாகத்துக்குப் பயப்பட வேண்டாம். ஜப்பானில் மாஸ்டாவே 2017இல் முதல் தலைமுறைக்கான மறுசீரமைப்புச் சேவையை அறிவித்து, துணிக் கூரை முதல் டயர் வரை பல பாகங்களை மறுபடி தயாரிக்கத் தொடங்கியது.

இனி 2017 கார். பழையதின் குணம் அதில் உண்டா என்பது உங்கள் மனத்தில் இருக்கும் கேள்வி என்று நினைக்கிறேன். உண்டு. இரண்டாவது, மூன்றாவது தலைமுறைகளை விட இந்த 1.5 தான் முதலாவதற்கு நெருக்கம். மறுபடி ஒரு டன் அளவுக்கு இறங்கிய எடை, சுழற்சி ஏற ஏறப் பாடும் சிறிய எஞ்சின். ஸ்டியரிங் மின்சாரத்தில் இயங்குவதால் கைக்கு வரும் செய்தி குறைவு. அந்த இழப்பு உண்மையானது, மறைக்க மாட்டேன். அதற்கு ஈடாக ஏபிஎஸ், வழுக்கல் கட்டுப்பாடு, காற்றுப்பைகள். காலை ஆறரைக்கு மழையில் துவாசை நோக்கிப் போகும்போது முன்னும் பின்னும் லாரிகள் இருக்கும். இவை எதுவும் இல்லாத, உங்கள் நெஞ்சு உயரத்தில் முடிந்துவிடும் 1991 காரில் வாரம் இருமுறை நீங்கள் அங்கே போவதை நான் விரும்பவில்லை.

இதன் குறைகளும் தெரிந்தவையே. ஆரம்ப ஆண்டுகளின் 6-வேக கியர்பெட்டி சில கார்களில் உடைந்தது, மாஸ்டா அதைப் பலமுறை திருத்தியது. 2.0இன் முறுக்குவிசை 200 நியூட்டன் மீட்டர், 1.5இல் 150, அதனால் உங்கள் காரில் சுமை குறைவு. ஆனாலும் இரண்டாம், மூன்றாம் கியர்களில் 4,000 சுழற்சி வரை ஏற்றி, ஆக்ஸிலரேட்டரை விட்டு விட்டு மிதித்துக் காது கொடுத்துக் கேளுங்கள். உறுமல் இருந்தால் வேண்டாம். நேரடிப் பெட்ரோல் பீச்சும் எஞ்சின் என்பதால், குட்டிப் பயணங்களே ஓடிய காரில் உள்வால்வில் கரி படியும். ஈசூன்-துவாஸ் தூரம் அதற்கு நல்ல மருந்து. இதிலும் கூரை வடிகால் உண்டு, வடிகட்டி இருக்கைகளுக்குப் பின்னால் இரு ஓரத்திலும் இருக்கிறது. உங்கள் மரத்தடிக்கு மாதம் ஒரு முறை கழுவுங்கள்.

பணக் கணக்கு. 2017 காரின் விலையிலிருந்து 2027 செப்டம்பரில் கிடைக்கும் பார்ஃப் தொகையைக் கழித்து, மிச்ச மாதங்களால் வகுங்கள். 1991 காருக்குக் கழிக்க எதுவும் இல்லை. முழு விலையையும் 2031 வரையிலான மாதங்களால் வகுக்க வேண்டும். சாலை வரி 2017 காருக்குச் சுமார் 682 வெள்ளி. 1991 காரின் 1,597 சிசிக்கு 741, 14 வயது தாண்டியதால் 50 விழுக்காடு கூடி ஏறத்தாழ 1,112. 2027க்குப் பிறகும் வைத்திருக்க விரும்பினால், கடந்த மூன்று மாத சிஓஇ விலைகளின் சராசரியைக் கட்டிப் பத்து ஆண்டுக்கே புதுப்பியுங்கள். ஐந்துக்குப் போனால் அந்த 2013 காரின் கதிதான். அந்தக் கணத்தில் பார்ஃப் போய்விடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். கார் சிஓஇயின் ஏ பிரிவா பி பிரிவா (எஞ்சின் அளவையும் திறனையும் வைத்துப் பிரிப்பது) என்பதைப் பதிவு விவரத்தில் இப்போதே பாருங்கள். கட்டும் தொகை அதைப் பொறுத்தது.

என் தெரிவு 2017 கார். 1991 கார் தண்ணீர்ச் சோதனையில் தேறினாலும், கூரையுள்ள நிறுத்துமிடம் கிடைக்கும்வரை அதை வாங்காதீர்கள். 35 ஆண்டு தாக்குப்பிடித்த தகடு அந்த மரத்தடியில் நாலைந்து மழைக்காலத்தில் போய்விடும். அப்படி ஒன்றை இழப்பது உங்களுக்கு மட்டும் இழப்பல்ல.

முன்பணம் கொடுப்பதற்கு முன் காப்புறுதி விலையை வாங்கிவிடுங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தையும் பாருங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். வார இறுதிக் கார்களில் டயர் தேயாது, இறுகும். ஆறு ஆண்டு தாண்டியிருந்தால் நாலையும் மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். பார்க்கப் போவதற்கு முந்தைய மாலை விற்பவரை அழைத்து, நீங்கள் வரும்வரை எஞ்சினைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போய்ச் சேர்ந்ததும் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லித் திரும்பிவிடுங்கள்.