ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டைத் தாங்கும் ஓவர்கிளாக், கேமில் மட்டும் ரீஸ்டார்ட் ஆவது ஏன்?

ஓவர்கிளாக் செய்த, அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுகிற கணினி, ஒரு மணி நேர ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டை (முழு லோடில் ஓட்டிப் பார்க்கும் சோதனை) தாங்கினாலும் கேமில் பத்தே நிமிடத்தில் ரீஸ்டார்ட் ஆகி விழுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் கிராபிக்ஸ் கார்டு ஓவர்கிளாக்கை அதற்கான மென்பொருளில் எடுத்துவிட்டு, பயாஸில் (கணினி துவங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) எல்லாவற்றையும் டீஃபால்ட்டுக்குக் கொண்டு வாருங்கள், எக்ஸ்எம்பியையும் (ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு) சேர்த்துத்தான், ஏனென்றால் எக்ஸ்எம்பியும் ஓவர்கிளாக்தான், பலர் இதை மறந்துவிட்டு பிராசசரையே குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். அப்படியும் விழுந்தால் பவர் சப்ளை, டிரைவர் பக்கம் பாருங்கள்.

ரீஸ்டார்ட் ஆவது நின்றுவிட்டதா? சரி, எக்ஸ்எம்பியை மட்டும் போட்டு ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு எரர் வந்தாலும் தோல்விதான், ராம் வேகத்தை ஒரு படி இறக்குங்கள்.

அப்புறம் பிராசசர் ஓவர்கிளாக்கைத் திரும்பப் போடுங்கள். கேமில் லோடு நொடிக்கு நொடி ஏறி இறங்கும். அது திடீரென ஏறும் கணத்தில் வோல்டேஜ் சற்றுச் சரியும், சீரான டெஸ்ட்டில் இது தெரியாமலே போய்விடும். லோடு-லைன் கேலிபரேஷனை (இந்த வோல்டேஜ் சரிவை ஈடுகட்டும் பயாஸ் அமைப்பு) ஒரு படி கூட்டலாம், இல்லையென்றால் பிராசசர் வேகத்தில் 100 மெகாஹெர்ட்ஸ் குறைக்கலாம். நான் குறைக்கத்தான் சொல்வேன், 5.1 கிகாஹெர்ட்ஸுக்கும் 5.0-க்கும் உள்ள வித்தியாசம் கேமில் கண்ணுக்கே தெரியாது. கடைசியாக விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்து, மஞ்சள் முக்கோணத்தோடு வீயா-லாகர் (ஹார்டுவேர் பிழைகளைப் பதிவது) வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கணினி விழாவிட்டாலும் அவை இருந்தால் ஓவர்கிளாக் இன்னும் நிலையாகவில்லை.