4294967297 பகா எண்ணா? இந்த எண்ணில் அப்படி என்ன விசேஷம்?

பகா எண் இல்லை. 641ஆல் மீதியில்லாமல் வகுபடும், ஈவு 67,00,417. ஆனால் இதைப் பகா எண் என்று நினைத்தவர் சாதாரண ஆள் இல்லை, பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா!

நம்ம கணக்கில் சொன்னால் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. அதாவது 2³² + 1. (ஐபிவி4 என்ற இணைய முகவரி முறையில் முகவரிகள் மொத்தம் 2³²தான். அதைவிட ஒன்று கூட.)

2இன் அடுக்காக 1, 2, 4, 8, 16 என்று போட்டு ஒன்றைக் கூட்டிப் பாருங்கள்: 3, 5, 17, 257, 65537. ஐந்தும் பகா எண்கள். அடுக்கை இப்படி இரட்டித்துக்கொண்டே போனால் வருவதெல்லாம் பகா எண்தான் என்று 1640இல் ஃபெர்மா கருதினார். நிரூபிக்க முடியவில்லை என்றும் அவரே எழுதியிருக்கிறார். அடுக்கு 32 ஆகும் அடுத்த எண்ணே, அதாவது நம்ம எண்ணே, காலை வாரிவிட்டது. 1732இல் சுவிஸ் கணித மேதை ஆய்லர் அதன் காரணி 641ஐக் காட்டினார்.

எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. இந்த எண்ணுக்குப் பகாக் காரணி இருந்தால் அது 64இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்க முடியும். இது ஃபெர்மாவின் சொந்தத் தேற்றத்திலிருந்தே வருகிறது! அப்படிப்பட்ட பகா எண்களை வரிசையாக எழுதினால் 193, 257, 449, 577, 641. ஐந்தே வகுத்தல்.

போன மாதம் கரண்ட் போன ஒரு சாயங்காலம் பேனாவும் தாளுமாக உட்கார்ந்து போட்டேன். மீதிகள் முறையே 109, 2, 325, 288, 0. நடுவில் 449இல் ஓர் இலக்கத்தை விட்டுவிட்டு முதலிலிருந்து போட்டதையும் சேர்த்து அரைமணி நேரம் ஆனது. 257க்கு மீதி 2 வருவது தற்செயல் இல்லை. முதலில் சொன்ன 3, 5, 17, 257, 65537 ஐந்தையும் பெருக்கினால் 4294967295 வரும், அதை 257 மீதியில்லாமல் வகுக்கும். நம்ம எண்ணுக்குச் சரியாக இரண்டு குறைவு.

641 வகுக்கும் என்பதை வகுக்காமலே காட்டலாம். 641 = 625 + 16. இதை 2²⁸ஆல் பெருக்குங்கள். 625 × 2²⁸ என்பது 640⁴. 16 × 2²⁸ என்பது 2³². ஆக 640⁴ + 2³², 641இன் மடங்கு. 640⁴ − 1 = 639 × 641 × (640² + 1) என்பதால் அதுவும் 641இன் மடங்கே. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் மிஞ்சுவது 2³² + 1.

படிக்க அழகாக இருக்கும். ஆனால் 641 என்று தெரிந்த பிறகுதான் இந்த வழி கண்ணில் படும். கண்டுபிடிக்க அந்த ஐந்து வகுத்தல்தான்.