இடையூறு யாருக்கு?

கேள்வி: பிரதேச செயலகமொன்றில் பணியாற்றுகிறேன். அலுவலகம், சிறுபோக வயல், பிள்ளைகளின் பிரத்தியேக வகுப்பு, தாயாரின் கிளினிக் என்று பொழுது போய்விடுகிறது. அதிகாலைத் தியானத்துக்கு இவையெல்லாம் இடையூறாக இருக்கின்றன. ஓய்வு பெற்ற பிறகு ஆன்மீகத்தில் முழுமையாக இறங்கலாமா?
– ஒரு வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: ஓய்வு விடயத்தை முதலில் பார்ப்போம். அரச ஊழியரின் ஓய்வு வயதை 2022 இல் 65 ஆக உயர்த்திய அரசாங்கம், 2023 தொடக்கத்தில் அதை மீண்டும் 60 ஆக்கியது. உங்கள் கணக்குப்படி, உங்களுக்குரிய ஞானம் ஐந்து ஆண்டுகள் பின்போடப்பட்டு, பின்னர் ஒரு சுற்றறிக்கையால் முன்னுக்குக் கொண்டுவரப்பட்டிருக்கிறது. வீடுபேற்றைத் திறைசேரியின் கையில் ஒப்படைத்த முதல் சைவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

என்னை உறுத்துவது, 'இடையூறு' என்று நீங்கள் போட்ட பட்டியல். அதில் பெற்ற தாயின் கிளினிக் இருக்கிறது, மனைவி இல்லை. விடியற்காலையில் நீங்கள் கண்ணை மூடி அமர்ந்திருக்கையில் பிள்ளைகளை எழுப்புவதும், தாயாருக்குத் தேநீர் கொடுப்பதும், உங்களுக்கு மதியச் சோறு கட்டுவதும் தாமாகவே நடந்துவிடுகின்றன போலும். உங்கள் மனைவிக்கும் ஆன்மா உண்டு. அது வளர்கிறதா என்று கேட்டு எனக்குக் கடிதம் எழுதத்தான் அவருக்கு நேரமில்லை.

மட்டக்களப்பு மண்ணில் இருப்பவர் இப்படிக் கேட்பதுதான் வியப்பு. நம் ஊர்க் கண்ணகை அம்மன் கோயில்கள் பலவற்றில் வைகாசிச் சடங்குக்குத்தான் கதவு திறக்கிறது. அம்மனைக் குளிர்விக்கும் நிறைவுச் சடங்கான குளிர்த்தி முடிந்ததும் கதவு அடைபடும். பூசை செய்யும் கட்டாடியாரும் கப்புகனாரும் மற்ற நாட்களில் நம்மைப் போல் தொழில் பார்த்துப் பிழைப்பவர்கள்தாம். ஆண்டு முழுவதும் தன் முன்னால் உட்கார்ந்திருக்கும்படி அம்மன் எவரையும் கேட்கவில்லை. அப்படிக் கேட்பவர்கள், விடுதி மண்டபங்களில் கட்டணம் வாங்கிக்கொண்டு தியான முகாம் நடத்துபவர்கள். அவர்களுக்கும் எனக்கும் உள்ள பழைய வழக்கு இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும்.

துறவியைத்தான் முன்மாதிரியாகக் கொள்வீர்கள் என்றால், காரைதீவில் 1892 இல் பிறந்த விபுலாநந்த அடிகளைப் பாருங்கள். 1924 இல் துறவு பூண்ட அவர், இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளின் நிர்வாகத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டார். 1929 இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானார். இவற்றுக்கிடையே பழந்தமிழர் யாழை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 1947 இல் 'யாழ் நூல்' தந்தார். குடும்பமே இல்லாதவருக்கு இத்தனை அலுவல். அவர் சிலைக்கு ஆண்டுதோறும் மாலை போட்டுவிட்டு மணிக்கணக்கில் முழங்கும் நம் பேச்சாளர்கள், அவர் பார்த்த பள்ளிக்கூடக் கணக்கு வழக்குகளைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை.

நம் பகுதியில் ஓய்வூதியர் பலர் முழுமையாக இறங்குவது கோயில் பரிபாலன சபைத் தேர்தலில்தான். கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் பதவியின் உரிமைக்காக நீதிமன்றப் படியேறவும் அவர்கள் சளைப்பதில்லை. அதற்கு வேண்டிய பொறுமையில் பாதியை, இப்போதே கிளினிக் வரிசையில் தாயாரின் பக்கத்தில் அமர்ந்து செலவிடலாம். அடுத்த கடிதத்தை உங்கள் மனைவியை எழுதச் சொல்லுங்கள். அன்று காலைத் தேநீரை நீங்கள் போட்டால் அவருக்கு நேரம் கிடைக்கும்.